பனிக்கால மெய்காப்பு

மார்கழி விடியலில் புல்நுனிதோறும் பனித்துளி நிற்கிறது. வாசலில் இழைத்த கோலம் ஈரத்தில் சற்றே கலைந்திருக்கிறது. இரவெல்லாம் முற்றத்துக் கொடியில் கிடந்த துணி உலராமல் தண்ணென்று இருக்கிறது. இத்துணை ஈரத்துக்கு நடுவே நிற்கும் மனிதரின் உடல்மட்டும் வறண்டுபோகிறது. முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் வெண்கோடு விழுகிறது. அவ்வாறு கீறிக் காலில் பெயரெழுதி விளையாடாத பிள்ளைகள் குறைவு. உதடு வெடிக்கிறது, புறங்கை சொரசொரக்கிறது, குதிகால் பிளக்கிறது. துணியை உலர்த்தாத காற்று தோலைமட்டும் உலர்த்துவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டால், தோல் வறட்சியைத் தடுக்கும் வழியும் பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

பனியும் பாலையும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிமையாக்கிய தொல்காப்பியம், பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் சேர்த்து உரைக்கிறது. வறட்சியின் நிலமாகிய பாலைக்குப் பனிப்பருவம் ஒன்று உரியதாவது முதல் நோக்கில் முரணாகத் தோன்றலாம். பிரிவு என்னும் உரிப்பொருளை ஒட்டி எழுந்த மரபு அது. எனினும், மாசி மாதத்து முற்பகலில் உதிரும் சருகையும் வெடித்த உதட்டையும் கண்டவர்க்கு இச்சேர்க்கை பெரிதும் வியப்பளிக்காது.

வாடைக்காற்றைப் பாடும் நக்கீரரின் நெடுநல்வாடையில் இன்னொரு காட்சி உண்டு. குளிர்மிகுதியால், சந்தனம் அரைக்கும் வட்டக்கல் பயன்படுத்துவாரின்றிக் கிடக்கிறது. குறுகிய வாயுடைய கலத்தில் உள்ள தண்ணீரை மாந்தர் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய கலத்தில் இட்ட நெருப்பின் வெம்மையை நாடுகின்றனர். குளிர் வந்ததும் நீரைக் குறைத்து நெருப்பை நாடும் அவ்வழக்கம் இன்றும் மாறவில்லை. கணப்புச் சட்டி இருந்த இடத்தில் மின்வெப்பக் கருவி வந்திருக்கிறது, அவ்வளவே. தோலுக்கு நேரும் இடர்களுள் பல இவ்வழக்கத்திலிருந்தே தொடங்குகின்றன.

காற்றின் தாகம்

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராமுக்குமேல் அதனால் தாங்க இயலாது. எஞ்சிய நீர் பனித்துளியாகப் புல்லின்மீதும் இலையின்மீதும் இறங்கிவிடுகிறது. ஆகவே, பனி பெய்வது காற்றில் நீர் மிகுந்திருப்பதன் அடையாளமன்று. காற்று தன்னிடமிருந்த நீரை இழந்துவிட்டதன் அடையாளம் என்பதே பொருத்தம்.

கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தை எண்ணிப் பாருங்கள். அதன் அருகில் உள்ள தலைக்குந்தாவின் புல்வெளி, தை மாத விடியலில் உறைபனியால் வெள்ளைத் துணி விரித்தாற்போல் காட்சியளிக்கும். அவ்வேளையில் காற்று, தான் தாங்கக்கூடிய நீராவி முழுவதையும் கொண்டிருக்கும். ஆனால், அம்முழுமையே சில கிராம்கள்தாம். கொடியில் கிடக்கும் துணியும் காற்றின் குளிர்ச்சியையே அடைந்திருப்பதால், அதிலுள்ள நீர் ஆவியாவதற்கு வழியில்லை. மனித உடலோ வெம்மையுடையது. தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 32 டிகிரி வெப்பம் கொண்டிருக்கும். 5 டிகிரிக் குளிர்காற்று அதனைத் தொட்டதும் சூடேறுகிறது. சூடேறிய அக்காற்று தாங்கக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு நீராவியே அதனிடம் இருக்கிறது. எஞ்சிய நான்கு பங்கு வெற்றிடத்தையும் நிரப்பிக்கொள்ள அது தோலிடமிருந்து நீரை உறிஞ்சத் தலைப்படுகிறது. வீசும் வாடை, ஈரமேறிய காற்றை அகற்றிப் புதிய உலர்காற்றைக் கொணர்ந்து கொணர்ந்து தோலின்மீது நிறுத்துகிறது. மூடிய அறையில் நெருப்பு மூட்டிக் காற்றைச் சூடாக்கும்போதும் நிகழ்வது இதுவே. வெப்பம் கூடுகிறது, நீர் கூடுவதில்லை. (மூடிய அறையில் கரிநெருப்பு வைத்து உறங்குவது தோலுக்கன்று, உயிருக்கே கேடு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.)

தமிழகத்தின் கடலோர ஊர்களில் கடற்காற்றின் ஈரத்தால் இவ்வறட்சி குறைவு. ஓசூர், தருமபுரி போன்ற உள்நாட்டு மேட்டுநிலங்களிலும் மலைகளிலும் மிகுதி.

செங்கல்லும் சாந்தும்

தோலின் மேலடுக்கு இறந்த உயிரணுக்களால் ஆனது. முன்கையில் அதன் தடிமன், ஒரு மில்லிமீட்டரை ஐம்பது கூறாக்கினால் வரும் ஒரு கூற்றைவிடச் சற்றுக் குறைவானது. நீங்கள் புரட்டும் இத்தாளைவிடவும் மெல்லியது. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது இம்மெல்லிய அடுக்கே. அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாஸ் போன்றோர் இதனை ஒரு செங்கற்சுவருக்கு ஒப்பிட்டு விளக்கினர். கெரட்டின் என்னும் புரதம் நிறைந்த தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றால் ஆன கொழுப்புப்பொருள் சாந்தாகப் பூசப்பட்டிருக்கிறது. செங்கல்லுக்குள் நீரைப் பற்றிவைத்துக்கொள்ளும் அமினோ அமிலங்களும் யூரியாவும் லாக்டிக் அமிலமும் உள்ளன. சாந்து பெயர்ந்தால் நீர் கசியும், செங்கல் சுருங்கும், சுருங்கிய செங்கல்லின் விளிம்பு மேலெழும்பிச் செதிலாகும். நகத்தால் கீறியபோது விழுந்த வெண்கோடு, அவ்வாறு எழும்பிநிற்கும் செதில்களின் வரிசையே ஆகும்.

வறண்ட தோலுக்கு எண்ணெய்ப்பசை இல்லை என்று சொல்வது நம் வழக்கு. அது முழு உண்மையன்று. 1952ஆம் ஆண்டில் இர்வின் பிளாங்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர், காய்த்துப்போன தோலின் துண்டுகளை உலர்த்தி ஆராய்ந்தார். எண்ணெயில் ஊறிய துண்டு ஊறியபின்னும் விறைப்பாகவே இருந்தது. நீரை ஏற்ற துண்டோ மென்மையாகி வளைந்துகொடுத்தது. தோலை மென்மையாக்குவது நீர். அந்நீரை ஓடவிடாமல் தடுப்பது எண்ணெய். இவ்விரண்டின் பணியையும் குழப்பிக்கொள்வதால்தான், நாள்தோறும் எண்ணெய் பூசியும் பயனில்லை என்று பலர் வருந்துகின்றனர். உலர்ந்த தோலின்மீது பூசிய எண்ணெய், வெறும் பானைக்கு இட்ட மூடி போன்றது.

எண்ணெய் முதலா, நீர் முதலா?

எனவே, பனிக்காலத்தில் எதைப் பூசுவது என்பதைவிட எப்போது பூசுவது என்பதே முதன்மையானது. குளித்து முடித்ததும் தோலின் மேலடுக்கு நீரேறி நிற்கிறது. பருத்தித் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மேனியில் சிறிது ஈரம் எஞ்சியிருக்கும்போதே மூன்று நிமிடங்களுக்குள் எண்ணெயோ களிம்போ பூசிவிட வேண்டும். உள்ளங்கையில் சில துளிகளை ஊற்றித் தேய்த்து, கால்களிலிருந்து தொடங்குவது நன்று. முழங்காலுக்குக் கீழே எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. உடலில் முதலில் வறள்வது அப்பகுதியே. ஈரம் உலர்ந்த பின்னர் பூசினால் அதே எண்ணெய் பாதிப் பயனைக்கூடத் தராமற்போகலாம்.

நம் மரபில் எண்ணெய்க் குளியல் இவ்வரிசைக்கு நேர்மாறாக நிகழ்வது. முதலில் எண்ணெய், பின்னர் வெந்நீரும் சீயக்காயும். அதிலும் ஒரு நன்மை உண்டு. தோலில் ஊறிய எண்ணெய், வெந்நீரும் தேய்ப்பும் தோலின் சாந்தைக் கரைத்துச் செல்லாமல் ஓரளவு காக்கிறது. ஆயினும், சீயக்காய் அவ்வெண்ணெயின் பெரும்பகுதியைக் கழுவிவிடுவதால், வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவரும் பனிக்காலத்தில் குளித்தபின் மீண்டும் சிறிது பூசிக்கொள்வது தேவையாகிறது. முன்னோர் வழக்கம் என்பதற்காக அதனை முழுமையானதென்றோ, பழமை என்பதற்காக அதனைப் பயனற்றதென்றோ கொள்ள வேண்டுவதில்லை.

குளிக்கும் நீரைப்பற்றியும் சொல்ல வேண்டும். ஆவி பறக்கும் வெந்நீரில் நெடுநேரம் நிற்பது பனிக்காலத்தின் பேரின்பங்களுள் ஒன்று. அதனை மறுக்க எனக்கும் மனமில்லை. ஆனால், சூடு மிகுந்த நீர் தோலின் கொழுப்புச் சாந்தை இளக்கிக் கரைக்கிறது. நெய்ப் பாத்திரத்தைத் தண்ணீரில் கழுவுவதற்கும் வெந்நீரில் கழுவுவதற்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் பாத்திரம் துலக்குவோரைக் கேட்டறியலாம். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் குளித்து முடிப்பதே தோலுக்கு ஏற்றது. தோல் இயல்பாகச் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் அமில காரக் குறியீடு 5ஐ ஒட்டி அமையும். பொதுவான சோப்புகளின் குறியீடு 9 முதல் 10 வரை. ஆகவே பனிக்காலத்தில் சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பயற்றமாவு சோப்பைவிட மென்மையானது. எனினும் அதனைக்கொண்டு அரக்கித் தேய்த்தால் அதுவும் தோலைச் சுரண்டவே செய்யும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசுவது பனிக்காலத்தில் மட்டுமன்று, எக்காலத்திலும் வேண்டாத வேலை.

எந்த எண்ணெய்?

இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தோலுக்கு நல்லதாகிவிடாது. இதற்கு ஆலிவ் எண்ணெயே சான்று. விலை மிகுந்த அவ்வெண்ணெயை வறண்ட தோலுக்கு மருந்தாகப் பலர் பரிந்துரைப்பர். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களின் முன்கையில் ஆலிவ் எண்ணெயைத் தொடர்ந்து பூசியபோது தோலின் மேலடுக்கு வலுவிழந்து இலேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் அத்தகைய கேட்டை விளைவிக்கவில்லை. காரணம், கொழுப்பு அமிலங்களின் வேறுபாடு. ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் தோலின் சாந்துக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலியிக் அமிலமோ அச்சாந்தை ஆக்குவதற்கே உடலுக்குத் தேவைப்படுவது. நம் நல்லெண்ணெயில் இவ்விரு அமிலங்களும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன.

தேங்காய் எண்ணெய்க்கு நேரடியான ஆய்வுச்சான்று உண்டு. வறண்ட தோலுடைய 34 பேரிடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் நிகழ்த்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வில், கால்களில் நாளுக்கு இருமுறை வீதம் இரண்டு வாரம் தேங்காய் எண்ணெய் பூசப்பட்டது. அது கனிம எண்ணெய்க்கு இணையாகத் தோலின் ஈரத்தைக் கூட்டியது. பனிக்காலத்தில் அது புட்டிக்குள் உறைந்துவிடுவது ஒன்றே இடையூறு. 24 டிகிரிக்குக் கீழே உறையும் இயல்புடைய அதனை, குளிக்கச் செல்லுமுன் வெந்நீர்ச் செம்பின் அருகில் வைத்தால் குளித்து வருவதற்குள் உருகியிருக்கும். முகப்பரு உடையவர்கள் முகத்தில் பூசுவதைத் தவிர்க்க வேண்டும். முதியோர் பாதத்தில் பூசியபின் ஈரத்தரையில் நடப்பதும் கூடாது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் தோல் வறட்சி ஒரு பொருட்டே அன்று.

கற்றாழைச் சோறு நீர் நிறைந்தது. ஆனால், தோலின்மீது அந்நீர் விரைவில் ஆவியாகிவிடும். ஆதலின் அதனைப் பூசியபின் மேலே சிறிது எண்ணெய் பூசுவது தகும். இலையை வெட்டியதும் வடியும் மஞ்சள்நிறச் சாறு அரிப்பைத் தரக்கூடும். அது முழுவதும் வடிந்தபின் சோற்றை எடுத்துக் கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

பூசுவதோடு உண்பதும் தொடர்புடையது. 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் அமெரிக்க இணையர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்தபோது, அவற்றின் வால் செதில் செதிலாக உரிந்தது. லினோலியிக் அமிலம் கொடுத்ததும் குணமாயிற்று. எள்ளுருண்டையும் வேர்க்கடலையும் உண்ணும் வீட்டில் இக்குறைக்கு இடமில்லை. நீர் மிகுதியாகக் குடித்தால் தோல் பளபளக்கும் என்பது மிகையான கூற்று. எனினும் குளிரில் தாகம் தோன்றாமையால் பலர் தேவையான அளவுகூடக் குடிப்பதில்லை என்பது உண்மை.

குதிகாலின் துயர்

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் அறவே இல்லை. உள்ளங்காலின் மேலடுக்கோ உடலின் பிற பகுதிகளைவிடப் பன்மடங்கு தடித்தது. கோடையில் வியர்வை அதனை ஈரமாக வைத்திருக்கிறது. பனிக்காலத்தில் வியர்வையும் குறைகிறது. உலர்ந்து விறைத்த குதிகாலின்மீது உடலின் எடை இறங்கும்போது, உள்ளிருக்கும் கொழுப்புத்திண்டு பக்கவாட்டில் பிதுங்குகிறது. வளைந்துகொடுக்க இயலாத தோல் விளிம்பில் பிளக்கிறது. பித்தவெடிப்பு என்று நாம் பெயரிட்டிருந்தாலும் அதற்கும் பித்தத்துக்கும் தொடர்பில்லை. நெடுநேரம் நிற்பவர்க்கும் வெறுங்காலோடு நடப்பவர்க்கும் அது மிகுதி. தை மாதத்தில் சம்பா அறுவடைக்குச் செல்லும் பெண்கள், பனியில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்கள், நாள்முழுதும் நின்று பணியாற்றும் கடைச் சிப்பந்திகள் ஆகியோரின் குதிகால்களைப் பார்த்தால் அவர்தம் உழைப்பின் அளவு விளங்கும். வலிக்கிறதா என்று கேட்டால், ‘பனி போனால் சரியாகிவிடும்’ என்பதே பெரும்பாலும் அவர்கள் தரும் விடை.

இரவு உறங்குமுன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் பாதத்தை ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மென்மையாகத் தேய்த்து, ஒற்றியெடுத்த உடனே விளக்கெண்ணெயோ பெட்ரோலியக் களிம்போ தடித்துப் பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்க வேண்டும். இங்கே நீர்த்தடுப்பு ஆற்றலில் பெட்ரோலியக் களிம்பை விஞ்சும் எண்ணெய் இல்லை. இயற்கை எண்ணெய்களைப் போற்றும் ஆர்வத்தில் அதனை ஒதுக்கத் தேவையில்லை. காய்ந்த தோலை அலகால் சீவுவது தீங்கு.

நீரிழிவு நோயுடையோர்க்கு இவ்வெடிப்பு வேறொரு பொருளுடையது. நெடுநாள் நீரிழிவு, பாத நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கச் செய்கிறது. வியர்வையையும் குறைத்துத் தோலை மேலும் உலர்த்துகிறது. வெடிப்பு ஆழமாகிக் குருதி கசிந்தாலும் அவர்களுக்கு வலி தெரிவதில்லை. அவ்வழியே நுழையும் கிருமி புண்ணாகி, புண் ஆறாமல் எலும்பைத் தொட்டு, விரலையோ காலையோ அகற்ற நேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நீரின் சூட்டை உணர இயலாமல் பாதம் வெந்துபோகக்கூடும் ஆதலின், அவர்கள் பாதத்தை நீரில் ஊறவைக்கும் முறையைக் கைக்கொள்ளலாகாது. நாள்தோறும் எண்ணெயோ களிம்போ பூசலாம். ஆனால், விரலிடுக்கில் பூசக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். கண்பார்வை மங்கிய பாட்டி தன் உள்ளங்காலைத் தானே பார்க்க இயலாது. வீட்டில் உள்ள இளையோர் ஒருவர் இரவில் விளக்கொளியில் அப்பாதத்தைத் திருப்பிப் பார்த்து, பிளவோ சிவப்போ கண்டால் மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாத வேலை இது.

பருவம் மாறியும் நீங்காத வறட்சி வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைவு, கரப்பான், காளாஞ்சகப்படை ஆகியவற்றிலும் தோல் வறளும். வெளிறி, வறண்டு, தொட்டால் உணர்ச்சியற்று இருக்கும் தேமல் தொழுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். அதற்குரிய மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது, தொடக்கத்திலேயே உட்கொண்டால் ஊனமின்றிக் குணமாகும்.

தோலின் மேலடுக்கு முழுவதும் உதிர்ந்து புதிதாக அமைவதற்குச் சில வாரங்கள் ஆகும். மார்கழியில் உதடு வெடித்தபின் எண்ணெய்ப் புட்டியைத் தேடுவதைவிட, கார்த்திகைத் தீபம் ஏற்றும் நாளில் தொடங்கிப் பங்குனி வெயில் உறைக்கும்வரை குளியலுக்குப் பிந்திய அம்மூன்று நிமிடங்களைத் தவறவிடாமல் இருப்பது எளிது.